இல்லாத ஓட்டை

எட்டாம் வகுப்பு முடிகிற சமயத்தில், எனக்கு இதயத்தில் ஓட்டை இருப்பதாக அம்மா சொன்னாள். அடுப்படியில் நின்று புளி கரைத்தபடியே சொன்னாள்.

"டாக்டர் சொல்லிட்டாகத்தா. ஒனக்கு நெஞ்சுல சின்னதா ஒரு ஓட்டை இருக்காம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மேடு ஏறக்கூடாது. மத்தபடி ஒன்னும் பயமில்லையாம்."

அதற்கு முந்தைய வாரம் எனக்குக் காய்ச்சல். தேனிக்குக் கூட்டிப்போய்க் குழந்தை டாக்டர் ஒருவரிடம் காட்டினாள். அவர் என் மார்பில் குழாயை வைத்து வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதுவரை நான் ஓடிக்கொண்டிருந்த பெண். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், கம்பம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கிற நாட்களில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடுவேன். நடந்தும் போயிருக்கலாம், எனக்கு அது தோன்றியதே இல்லை. குழம்பு சிந்தாமல் ஓடப் பழகியிருந்தேன். தூக்கைப் பிடித்த கையை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற உடம்பை எல்லாம் ஓட விடவேண்டும்.

அந்த வருடம் தேனியில் நடந்த மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். ஷூ கிடையாது, வெறுங்கால். கடைசி வளைவில் எனக்கு முன்னால் யாரும் இல்லை என்று தெரிந்தபோது சிரித்துக்கொண்டே ஓடியதாக எங்கள் பி.டி. டீச்சர் எல்லோரிடமும் சொன்னார். அங்கே வந்திருந்த பயிற்சியாளர் ஒருவர், வெளியூரில் இருக்கிற விளையாட்டு விடுதிக்கு என்னை அனுப்பும்படி டீச்சரிடம் கேட்டாராம். அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, காலையும் மாலையும் ஓடலாம்.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "யோசிச்சுச் சொல்றோம் டீச்சர்" என்றாள் அம்மா. நான் உள்ளறையில் எந்தப் பெட்டியை எடுத்துப்போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்து வந்ததுதான் காய்ச்சலும் தேனி டாக்டரும் நெஞ்சிலே ஓட்டையும்.

நான் நம்பினேன். அம்மா சொன்னாள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு குழந்தைக்கு என்ன சாட்சி வேண்டும்?

அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடமும் தலைமை சிஸ்டரிடமும் சொன்னாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "விடும்மா, ஒடம்புதான் முக்கியம்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதன்பிறகு விளையாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் கம்மலையும் வளையலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. பிள்ளைகள் எதற்கும் பெயர் வைப்பார்கள். ஓட்டக்காரி என்று கூப்பிட்டவர்கள் ஓட்டைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தினமும் ஒரு மாத்திரை தந்தாள் அம்மா. இதயத்துக்கு என்றாள். அதை விழுங்கிய பிறகு சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகும். பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். "நோவு வெளிய போகுதுத்தா" என்றாள். வெளியேறுகிற நோயைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. படுக்கும்போது இடது பக்கம் சாயமாட்டேன். காது தலையணையில் அழுந்தினால் நெஞ்சின் துடிப்பு கேட்கும். அதில் எந்தத் துடிப்பு ஓட்டை வழியாகக் கசிகிறதோ என்று பயம்.

அப்பா என்னை நடக்கவிடவில்லை. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மழை பெய்தால் தன் துண்டை என் தலையில் போடுவார். பெரிய வெள்ளியன்று ஊரே சிலுவைப்பாதைக்குக் கரடு ஏறும். நான் அடிவாரத்தில் முடியாத கிழவிகளோடு உட்கார்ந்திருப்பேன். அப்பாவும் ஏறாமல் என்னோடு இருப்பார். "நீ தனியா இருக்கவேணாம்த்தா" என்பார். அந்த நாட்களில் அம்மாவைவிட அப்பாவிடம்தான் எனக்கு ஒட்டுதல் அதிகம்.

ஓடாத உடம்பு மெல்ல மெல்ல வேறொரு உடம்பானது. கல்லூரியில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனது. எடை ஏறியது. எல்லாவற்றுக்கும் நெஞ்சைக் காரணம் சொல்லிக்கொண்டேன். காய்ச்சலுக்கு உள்ளூர் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் என்னைக் கேட்பதற்கு அம்மா பதில் சொல்வாள். அவளுக்குத் தெரிந்த அளவு என் உடம்பு எனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

கல்யாணம் பேசும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெஞ்சு சமாச்சாரத்த அங்கன சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். மாப்பிள்ளை ஆண்டிபட்டிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகி ஒரு வாரத்துக்குள் வைகை அணைக்குப் போனோம். மேலே ஏறிப் பார்க்கலாம் என்றார். நான் படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டேன். என்னவென்று கேட்டார். சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு நல்ல டாக்டர்ட்டக் காமிச்சிருக்கலாம்ல?" என்றார்.

பிறகும் பலமுறை டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டார். "இருக்கிறபடி இருக்கட்டும்த்தா, நோண்டாத" என்பாள் அம்மா போனில். எனக்கும் பயமாக இருந்தது. டாக்டரிடம் போனால் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று சொல்லிவிடுவாரோ என்று.

பிள்ளை உண்டானபோது சர்க்கரை வந்தது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். உண்டானதிலிருந்தே உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம்தான் காட்டிக்கொண்டிருந்தோம். எப்போதும் அம்மா கூடவே வருவாள். அன்றைக்கு ஊரில் ஒரு சாவு. அதனால் அவள் வரவில்லை. லீவு போட்டு வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் கூட்டிப்போனார்.

"சாப்பாட்டக் கொறச்சா மட்டும் போதாது. சாப்பிட்டதும் நடக்கணும், தெனமும்" என்றார் டாக்டரம்மா.

"நான் நடக்கக்கூடாது டாக்டர். நெஞ்சில ஓட்டை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன மாசமா வர்றீங்க. யாரும் சொல்லலையே?"

நான் சொல்லியிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பதில் சொல்கிற வேலை எல்லாம் அம்மாவுடையது என்பதால், அவள் சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். டாக்டரம்மா குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார், ஆனாலும் இப்போதே போய்விடுங்கள் என்று தேனிக்கு இதய டாக்டரிடம் அனுப்பினார்.

தேனியில் எக்கோ எடுத்தார்கள். இருட்டான சின்ன அறை. மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார் டாக்டர். திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பிலும் வெள்ளையிலும் என் இதயம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"எங்கயும் ஓட்டை இல்லம்மா."

"மூடிருச்சா டாக்டர்?"

"சின்னதா இருந்தா தானா மூடறதும் உண்டு. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

இல்லை, வீடு வெள்ளையடிக்கும்போது தொலைந்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன்.

"அப்ப எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. இன்னிக்கு ஒங்க இதயம் நல்லா இருக்கு. தாராளமா நடங்க."

மூடிவிட்டது! திரும்பி வருகிற வழியெல்லாம் பைத்தியம் மாதிரிப் பேசிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் வண்டியை மெதுவாக ஓட்டினார், அவரும் சிரித்துக்கொண்டே. அப்பாவிடம் முதலில் சொல்லவேண்டும் என்று தோட்டத்துப் பாதையில் இறங்கிக்கொண்டேன். அவ்வளவு தூரத்தை நானே நடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில்.

அப்பா பந்தலுக்கு அடியில் கத்தரியோடு அண்ணாந்து நின்றிருந்தார். கொடியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா! ஓட்டை இல்லையாம்ப்பா!"

அவர் மேலே பார்த்தபடியே கேட்டார். "எந்த ஓட்டைத்தா?"

நான் நின்றுவிட்டேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியாது. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்துகொண்ட முகம்.

"எந்த ஓட்டைன்னா கேக்குறீக?"

"இல்லத்தா... ஏதோ நெனப்புல..."

"அப்பா, எனக்கு ஓட்டை இருந்துச்சா இல்லையா?"

கத்தரியைத் திறந்தார், மூடினார். காய் பிடித்திருந்த ஒரு கொத்தை வெட்டிவிட்டார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்க அம்மா வரட்டும்" என்றார்.

என் வாழ்க்கையை அவர் மறந்துபோயிருந்தார். எதை நினைத்து நான் ஒவ்வொரு படிக்கட்டின் கீழேயும் நின்றேனோ, அது அவருக்கு ஞாபகத்தில்கூட இல்லை. அம்மா சொன்ன பொய்யைவிட இன்றைக்கும் என்னை அதிகம் வதைப்பது அப்பாவின் அந்தக் கேள்விதான். பொய் சொன்னவளாவது தினமும் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சாவு வீட்டிலிருந்து வந்து தலைக்குக் குளித்துவிட்டுக் கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்கு நல்லதென்று எனக்கு அடை சுடுவதற்கு. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"தேனிக்குப் போயி எக்கோ எடுத்தோம்" என்றேன்.

சல்லடை நின்றது.

"அப்பாட்டயும் கேட்டுட்டேன்."

அவள் மாவை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கையைத் தட்டினாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த டாக்டரு சத்தம் கேக்குதுன்னுதான் சொன்னாக. லேசா ஒரு சத்தம். வளர்ற புள்ளைகளுக்குக் கேக்குமாம், வளர வளரப் போயிருமாம், ஒன்னுமில்ல, புள்ள நல்லா வெளையாடட்டும்னு சொன்னாக."

"வெளையாடட்டும்னு சொன்னாரா?"

"ஆமா."

"நீ ஓட்டைன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"ஒன்னய அனுப்பப் பயமா இருந்துச்சுத்தா. நீ அப்பத்தான் பெரிய மனுசியாகியிருந்த. கண்காணாத ஊருல, அரைக்கால் சட்டையோட, யாரு எவருன்னு தெரியாத எடத்துல... வேணாம்னு சொன்னா நீ கேக்க மாட்ட. அழுவ, சாப்பிட மாட்ட, எங்கள ஏசுவ. நெஞ்சுல கோளாறுன்னு சொன்னா நீயே நின்னுருவன்னு நெனச்சேன்."

"நின்னுட்டேன்."

அவள் சிதறியிருந்த மாவை விரலால் கூட்டினாள்.

"அந்த மாத்திர?"

"அது சத்து மாத்திரதான். ஒடம்புக்கு ஒன்னும் பண்ணாது."

"அதுக்கப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல? பன்னெண்டாப்பு முடிச்சப்ப? கல்யாணத்துல?"

"எப்பிடிச் சொல்றது? ஒரு வருசம் போனா ஒரு வருசம் கஷ்டமா இருந்துச்சு."

எனக்கு ஒன்று தோன்றியது. அம்மா ஒரு ஞாயிறு பூசையை விட்டவளில்லை. ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கமாட்டாள்.

"சாமிகிட்ட இதச் சொன்னியாம்மா?"

"சொன்னேன். வருசா வருசம் சொன்னேன்."

"சாமி என்ன சொன்னாரு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாக. எந்தச் சாமி மாறி வந்தாலும் அதேதான் சொன்னாக."

"நீ?"

"மூணு அருள் நெறஞ்ச மந்திரம் சொல்லுவேன். சேத்து ஒரு செபமாலையும் சொல்லுவேன்."

நான் எழுந்துபோய்க் கட்டிலில் படுத்தேன். இடது பக்கமாகப் படுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடை வாசம் வந்தது. அம்மா தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பசித்தது. சாப்பிட்டேன். அவள் சுட்டதைத் தின்றேன் என்பது அன்றைக்கு எனக்கு இன்னொரு தோல்வியாக இருந்தது.

ஆண்டிபட்டிக்கே வந்துவிடு என்றார் என் வீட்டுக்காரர். அங்கே மாமியார் இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்துவிட்டேன். ஏமாற்றியவள் கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அவள் வைத்த வெந்நீரில் குளித்துக்கொண்டு இருந்தேன். வேண்டியதை மட்டும் பேசினோம்.

சாப்பிட்டதும் நடந்தேன். வாய்க்கால் ஓரமாகத் தென்னந்தோப்பு வரை போய்த் திரும்புவேன். முதல் நாளே ஒன்று விளங்கியது. நோய் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, உடம்புக்குத் தெரியவில்லை. துடிப்பு கொஞ்சம் கூடினால் கை தானாக நெஞ்சுக்குப் போகும். காதடைக்கும். வேர்க்கும். உட்கார ஒரு கல்லைக் கண் தேடும். இத்தனை வருடமாக நோயாளியாக இருக்கப் பழகிய உடம்புக்கு ஒரே நாளில் யார் போய்ச் சொல்வது? நின்று, மூச்சை விட்டு, "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி நடப்பேன். தேனிக் குழந்தை டாக்டர் அன்றைக்கு அம்மாவிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருந்தது.

ஒருநாள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் கூட வரட்டாத்தா?"

"வேணாம்ப்பா."

மொபெட், துண்டு, கரட்டடிவாரத்தில் கூட உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே நடந்தேன். அவர் நடித்தார் என்று சொல்லமுடியாது. மழையில் என் தலை நனையக்கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். நான் நோயாளி இல்லை என்று தெரிந்தே ஒரு நோயாளியைப்போல என்னைச் சீராட்டினார். எந்த மகளுக்குத் துண்டு போட்டார்? எனக்கா, அம்மா உண்டாக்கிய அந்த இன்னொருத்திக்கா? இதற்கு இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

சுகப்பிரசவம். பெண் குழந்தை. தினமும் நடந்தது நல்லதாகப் போனது, சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. அம்மா பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவாள். நன்றாகக் குளிப்பாட்டுவாள். கையும் காலும் நீவி, முதுகைத் திருப்பி, மூக்கில் ஊதாதே என்று நான் சொன்னதைக் கேட்டு ஊதாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக மனம் இறங்கி வந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஆண்டிபட்டிக்குக் கிளம்புவதற்குள் அவளிடம் ஒரு வார்த்தை சாதாரணமாகப் பேசிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பூசைக்குப் போனோம். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். பிள்ளைக்கு நன்றிப் பூசை என்று மட்டும்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். பூசையின் தொடக்கத்தில், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளைச் சாமியார் வாசித்தார். இறந்துபோன இன்னாருக்கு ஆன்ம இளைப்பாற்றி, இன்னாருக்குப் பிறந்தநாள். அடுத்து என் பெயரைச் சொல்லி, "இதய நோயிலிருந்து அன்னை மரியாளின் பரிந்துரையால் முழுச் சுகம் பெற்றதற்கு நன்றியாக" என்று வாசித்தார்.

காணிக்கை நேரத்தில் அம்மா எழுந்து முன்னால் போனாள். கையில் ஒரு சின்ன வெள்ளி இதயம். மாதா சொரூபத்தின் காலடியில் அதை வைத்து, தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் எனக்குச் செய்ததை என்னிடம் ஒப்புக்கொண்டது உண்மை. ஊரிடம் ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை. இனி நான் ஓடியாடி நடப்பதைப் பார்த்து ஊர் கேட்கும். அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. இருந்த பொய்யை எடுக்கமுடியாமல், அதைக் குணமாக்கிவிட்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்துத் தெரு அக்கா, தன் பிள்ளை ஒன்றுக்கு வலிப்பு நோய் இருப்பவர், அழுதுகொண்டே, "ஒனக்குச் செஞ்ச மாதா எம்புள்ளைக்கும் செய்வாத்தா" என்றார்.

பொறுக்கமுடியவில்லை. "அக்கா, எனக்கு நோயே இருந்ததில்ல. ஓட்டையே கெடையாது. அம்மா சொன்னது பொய்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அந்த அக்கா என் கன்னத்தைத் தடவினார். "அப்பிடித்தான் சொல்லணும்த்தா. இருந்த தடமே தெரியாமப் போயிருச்சு பாரு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அது மாதா செய்த அற்புதத்துக்கே சாட்சியாகும் என்று புரிந்தது. அம்மா கோயில் வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் ஒன்றுதான் சொன்னேன். "எம்புள்ள ஒடம்பப் பத்தி நீ யாருகிட்டயும் எதுவும் பேசக்கூடாது. டாக்டர்ட்டயும் பேசக்கூடாது, கோயில்லயும் பேசக்கூடாது."

"நல்லதுதானடி செஞ்சேன்" என்றாள். இந்த முறை அவள் அழவில்லை. அவள் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அவளுக்கு நிஜமாகவே அது நேர்த்திக்கடன் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். தான் சொன்னதைத் தானே நம்புகிற இடத்துக்கு அவள் போய்விட்டாள். அங்கே போய் அவளோடு சண்டைபோட என்னால் முடியாது.

ஆண்டிபட்டிக்கு வந்துவிட்டோம். பிள்ளை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள். நடக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை வாசல் தாண்டி ஓடியது. இவள் தரையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். போனில் கேட்ட அம்மா, "சில புள்ளைக அப்பிடித்தான்த்தா. நீயும் லேட்டாத்தான் நடந்த" என்றாள்.

குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பிள்ளையின் இடுப்பை மடக்கிப் பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார், பொம்மையைக் காட்டி வரவைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"வீட்ல யாராவது லேட்டா நடந்திருக்காங்களா? நீங்க எப்ப நடந்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்னது உண்மையாக இருக்கலாம். என்னைச் சமாதானப்படுத்த அந்த நிமிடத்தில் உண்டாக்கியதாகவும் இருக்கலாம். நான் எப்போது நடந்தேன், எப்போது பேசினேன், என்ன நோய் வந்து போனது, எதற்குமே அவளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அப்பாவுக்கு ஞாபகம் இருக்காது. என் பிள்ளைப்பருவம் முழுக்க ஒரே ஒருத்தியின் வாயில் இருக்கிறது. அந்த வாயை என்னால் நம்பமுடியாது.

"தெரியல டாக்டர்" என்றேன்.

"பரவால்ல. புள்ள நல்லா இருக்கா. தரையில நெறைய விடுங்க, தூக்கியே வச்சிருக்காதீங்க. வீட்டுக்குள்ள வெறுங்கால்ல விடுங்க. அடுத்த தடவ பாப்போம்."

அடுத்த தடவைக்குள் நடந்துவிட்டாள். ஒரு காலையில் கட்டில் விளிம்பை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், ஏதோ வேலை இருப்பவளைப்போல வாசல்வரை போனாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் அவள் எழுவதற்கு முன்னால் நான் வைகை அணைக்குப் போகிற சாலையில் நடந்துவிட்டு வருகிறேன். சில நாட்களில் சாலை ஆளில்லாமல் இருந்தால் கொஞ்சம் ஓடிப் பார்க்கிறேன். அது பழைய ஓட்டம் இல்லை. முழங்கால் வலிக்கிறது, மார்பு குலுங்குகிறது. அந்தப் பழைய பெண் ஓடியிருந்தால் எங்கே போயிருப்பாள் என்று யோசிக்கக்கூடாது என்று நினைப்பேன், யோசிப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறோம். அம்மா அதிரசம் சுடுவாள், அப்பா பேத்தியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவார். பண்டிகைக்கு உரியதை எல்லாம் பேசிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒன்னுமில்லன்னுட்டாக" என்கிறாள். அதையும் நான் நம்புவதில்லை. என் வீட்டுக்காரரை விட்டு அந்த டாக்டரிடமே கேட்கச் சொல்கிறேன்.

போன மாதம் பிள்ளைக்கு ஊசி போடவேண்டியிருந்தது. சுகாதார நிலையத்தில் நர்சம்மா மருந்தை ஏற்றிக்கொண்டே, "வலிக்கவே வலிக்காது பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார். நல்ல பெண்மணி, எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வார். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வலிக்குமாம்மா?"

"வலிக்கும்" என்றேன். "கொஞ்ச நேரம் நல்லா வலிக்கும். அப்பறம் கொறைஞ்சிரும். நான் இங்கனதான் இருக்கேன்."

நர்சம்மா என்னை முறைத்தார். பிள்ளை வாயைக் கோணினாள், அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினாள்.